கட்டியைச் சுற்றியிருக்கும் வேலி: குடல், இரைப்பை, களப் புற்றுநோய்களில் இம்யூனோதெரபி யாருக்குப் பலன் தரும்?

தென்மராட்சியில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. “அங்க இம்யூனோதெரபி ஊசி போடுவினமா? காசைப் பற்றி யோசியாதேங்கோ, நாங்கள் அனுப்புறம்.” கேட்பவர் ரொறொன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் மகனாகவோ பெறாமகளாகவோ இருப்பார். அங்கே யாரோ ஒருவருக்கு அந்த மருந்தில் கட்டி முழுவதும் கரைந்ததாகக் கேள்விப்பட்டிருப்பார். கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

ஆனால் அதே மருந்து அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு ஒரு பலனும் தராமல் போயிருக்கும் என்பதும் உண்மை. இருவருக்கும் பெருங்குடற் புற்றுநோய்தான். வயதும் நோயின் கட்டமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். வேறுபாடு கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கொடிகாமத்தில் ஒரு குடும்பம் தென்னங்காணியை விற்பதா, தாலிக்கொடியை அடைவு வைப்பதா என்று முடிவெடுக்கும் முன்னர் தெரிந்திருக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இம்யூனோதெரபி என்பது உடம்பின் நிர்ப்பீடனத்தைக் கூட்டும் மருந்து அல்ல. பெயரைப் பார்த்து அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். சத்துமாவும் மூலிகைத் தூளும் விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் நல்ல வியாபாரம். உண்மையில் இந்த மருந்துகள் ஒரு தடையை எடுத்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

விஞ்ஞானிகள் அந்தத் தடைக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘சோதனைச் சாவடி’ என்று வரும். எங்கள் சனத்துக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. நிர்ப்பீடனத் தொகுதியின் ரி கலங்கள் உடம்பெங்கும் ரோந்து போகின்றன. எதிரே வரும் ஒவ்வொரு கலத்தையும் மறித்து, நீ எங்கள் ஆளா, வெளியாளா என்று பார்க்கின்றன. ரி கலத்தின் மேற்பரப்பில் பி.டி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அதன் மேல் பி.டி-எல்1 என்ற மற்றொரு புரதம் வந்து பொருந்தினால் ரி கலம் கையை விட்டுவிடும். உடம்பின் நல்ல கலங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள இந்த அட்டையைக் காட்டுகின்றன. கெட்டிக்காரப் புற்றுக் கலங்களும் அதே அட்டையை அடித்து வைத்துக்கொண்டு காட்டுகின்றன. முகமாலையில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அட்டை சரியாக இருந்தால் ஆளை யாரும் அதற்கு மேல் பார்ப்பதில்லை.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், டொஸ்டார்லிமாப் போன்ற மருந்துகள் பி.டி-1 இன் மேல் ஒட்டிக்கொண்டு அந்த அட்டையைச் செல்லாததாக்குகின்றன. இந்த வழியைத் திறந்ததற்காக அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்தே ஒரு விடயம் விளங்கும். அட்டையைச் செல்லாததாக்கினாலும், சாவடியில் ஆள் நின்றால்தான் அதனால் பயன். கட்டிக்குள் ரி கலங்களே இல்லையென்றால் மருந்து விடுவிப்பதற்கு யாரும் இல்லை.

கட்டி என்பது புற்றுக் கலங்கள் மட்டுமல்ல

அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியை மெல்லிய துண்டாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அங்கே ஒரு முழு ஊரே தெரியும். புற்றுக் கலங்கள் இருக்கும். அவற்றுக்குச் சாப்பாடு கொண்டுவரும் குருதிக் கலன்கள், நார் நெய்யும் கலங்கள், தின்குழியங்கள், பல வகை வெண்குழியங்கள், சிலவேளை பற்றீரியாக்களும் இருக்கும். இந்த அயலைத்தான் ஆய்வாளர்கள் கட்டியின் நுண்சூழல் என்கிறார்கள். சில கட்டிகளில் புற்றுக் கலங்களைவிட இந்த அயலவர்களே கூட.

அயலைப் பார்த்துக் கட்டிகளை மூன்று வகையாகப் பிரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முதல் வகையில் ரி கலங்கள் கட்டிக்குள் நிறையப் புகுந்திருக்கும். இதைச் சூடான கட்டி என்பார்கள். இரண்டாவது வகையில் ரி கலங்கள் வந்திருக்கும், ஆனால் உள்ளே போகமுடியாமல் வெளியே நிற்கும். கட்டியைச் சுற்றி நார்க் கலங்கள் ஒரு வேலி அடைத்திருக்கும், எங்கள் வளவுகளைச் சுற்றிப் பனைமட்டை வேலி அடைப்பதுபோல. மூன்றாவது வகை வெறுங்காணி. ரி கலங்கள் அந்தப் பக்கமே வந்திருக்காது.

முதல் வகைக்கு மருந்து வேலை செய்ய வாய்ப்பு அதிகம், மூன்றாவதுக்கு மிகக் குறைவு. இரண்டாவது வகைதான் ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். வேலியை வெட்டினால் உள்ளே போய்விடுவார்கள். அந்த வேலியை நிமிர்த்தி வைத்திருப்பவற்றில் ரி.ஜி.எப்-பீற்றா என்ற சமிக்ஞைப் புரதம் முக்கியமானது என்று 2018 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எலிகளில் அதைத் தடுத்தபோது ரி கலங்கள் கட்டிக்குள் புகுந்தன. மனிதரில் அந்தளவு இலகுவாக அது கைகூடவில்லை.

இந்தக் கணக்கெடுப்பைத் தொடக்கியவர்களில் பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் கலோன் முக்கியமானவர். பெருங்குடற் கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் எத்தனை ரி கலங்கள் இருக்கின்றன என்று எண்ணினாலே நோயாளியின் எதிர்காலத்தை ஓரளவு சொல்லலாம் என்று அவருடைய குழு 2006 இல் எழுதியது. கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானித்த காலத்தில் அது துணிச்சலான கூற்று. 2018 இல் 13 நாடுகளின் 14 நிலையங்கள் சேர்ந்து 2,681 நோயாளிகளின் கட்டிகளில் அதைச் சோதித்தன. கூற்று நின்றது. ரி கலங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு 5 வருடத்துக்குள் நோய் திரும்பி வருவது குறைவாக இருந்தது. இந்த எண்ணிக்கை முதலில் சொல்வது நோய் திரும்புமா என்பதை. ஒரு குறிப்பிட்ட மருந்து பிடிக்குமா என்பது வேறு கேள்வி. பத்திரிகைச் செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

பிறகு மரபணு வாசிப்பு மலிவானது. 2021 இல் ஓர் ஆய்வு 10,000 இற்கும் மேற்பட்ட கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டை அலசி, உறுப்பு எதுவென்று பாராமல் நான்கு சூழல் வகைகளாகப் பிரித்தது: நிர்ப்பீடனக் கலங்கள் நிறைந்து நார் இல்லாதவை, கலங்களும் நாரும் சேர்ந்தவை, நார் மட்டும் மிகுந்தவை, இரண்டும் வறண்டவை. இம்யூனோதெரபி அதிகம் பலித்தது முதல் வகைக்கு. களம், இரைப்பை, பெருங்குடல், நேர்குடல் ஆகியவற்றின் 921 சுரப்பிவகைப் புற்றுநோய்களை ஒரே மேசையில் வைத்துப் பார்த்த 2018 ஆம் ஆண்டு ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. உறுப்பின் எல்லையைத் தாண்டி, இரைப்பையின் ஒரு கட்டி பக்கத்துப் படுக்கையிலுள்ள இரைப்பைக் கட்டியைவிடக் குடலின் ஒரு கட்டிக்குக் கிட்டிய உறவாக இருக்க முடியும்.

இந்தத் தரவுத் தொகுப்புகளில் எங்கள் போன்றவர்களின் கட்டிகள் மிகக் குறைவு. அமெரிக்காவின் பெரிய தொகுப்பில் பெரும்பாலானோர் வெள்ளையினத்தவர். வெற்றிலையும் புகையிலையும் பல வருடம் சப்பி வந்த களப் புற்றுநோய் அங்கே எத்தனை பேருக்கு இருந்திருக்கப் போகிறது? ஆகவே இந்த வகைப்பாடுகளை அப்படியே எங்கள் தலையில் பொருத்துவதில் ஒரு நிதானம் வேண்டும்.

உறுப்புக்கு உறுப்பு கதை மாறுகிறது

களத்திலிருந்து தொடங்கலாம். சாப்பாட்டுக் குழாயில் வரும் புற்றுநோய் இலங்கையில் நீண்டகாலமாகவே முன்வரிசையில் இருக்கிறது. வெற்றிலை சப்புவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு பற்றி இலங்கை வைத்தியர்கள் 1970 இலேயே பிரித்தானியப் புற்றுநோய்ச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் கூடுதலாக வருவது தட்டைக்கல வகை. இதில் பி.டி-எல்1 அளவு கூடியிருந்தால் கீமோதெரபியுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்ப்பது பலன் தருகிறது. ஒரு பெரிய சோதனையில், அவ்வாறான தட்டைக்கலக் கட்டி உள்ளவர்களில் பாதிப் பேர் கீமோ மட்டும் பெற்றபோது 8.8 மாதமும், இரண்டும் சேர்ந்தபோது 13.9 மாதமும் உயிரோடிருந்தார்கள். ஐந்து மாதம். அதைப் பெரிது என்பதா சிறிது என்பதா என்று நோயாளியும் குடும்பமும்தான் சொல்ல வேண்டும். ஆனால் “ஊசி போட்டால் சுகம்” என்று யாரும் அதை விற்கக்கூடாது.

இரைப்பையில் படம் இன்னும் தெளிவு. 2014 இல் 295 இரைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகை என்றார்கள். அதில் இரண்டு வகை எங்களுக்கு முக்கியம். ஒன்று எப்ஸ்ரைன்-பார் வைரசு குடியிருக்கும் கட்டி, ஏறத்தாழ 9 வீதம். மற்றையது எம்.எஸ்.ஐ வகை, ஏறத்தாழ 22 வீதம். பரவிய நிலையில் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் இது இன்னும் குறைவு. 2018 இல் கொரியாவில் பரவிய இரைப்பைப் புற்றுநோய் உள்ள 61 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் நாலில் ஒருவருக்கே கட்டி சுருங்கியது. வகை பிரித்துப் பார்த்தபோது, வைரசு வகையில் 6 பேரில் 6 பேருக்கும், எம்.எஸ்.ஐ வகையில் 7 பேரில் 6 பேருக்கும் சுருங்கியிருந்தது. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரே நோய்ப் பெயருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருப்பதை இதைவிட நன்றாகக் காட்டிய ஆய்வு குறைவு. மற்ற வகை இரைப்பைக் கட்டிகளுக்கு நிவோலுமாப்பைக் கீமோவுடன் சேர்த்தபோது, பி.டி-எல்1 கூடியவர்களில் 11.1 மாதம் 14.4 மாதமானது.

ஈரலில் பிரதான சிகிச்சைகளில் ஒன்று இப்போது அதெசோலிசுமாப்பும் பெவாசிசுமாப்பும் சேர்ந்தது. முதலாவது சோதனைச் சாவடி மருந்து, இரண்டாவது கட்டியின் குருதிக் கலன்களைக் கட்டுப்படுத்துவது. இரண்டும் சேர்ந்தபோது பாதிப் பேரின் ஆயுள் 13.4 மாதத்திலிருந்து 19.2 மாதமாகக் கூடியது. மஞ்சட்காமாலை வைரசுகளால் வந்த ஈரற் புற்றுநோய்க்கும் கொழுப்பு ஈரலால் வந்ததற்கும் சூழல் வேறு என்றும், பின்னையதில் பலன் குறையலாம் என்றும் 2021 இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. நீரிழிவும் கொழுப்பு ஈரலும் பெருகியிருக்கும் எங்கள் நாட்டில் இது கவனிக்க வேண்டிய விடயம். எனினும் அதை வைத்து மட்டும் ஒருவருக்கு மருந்து வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வதில்லை.

சதையியில் வரும் புற்றுநோய் வேலியின் உச்சம். கட்டியின் பெரும்பகுதி நாராகவே இருக்கும். ரி கலங்கள் மிக அரிது. எம்.எஸ்.ஐ வகை நூற்றில் ஒன்றளவில்தான். அதைத் தவிர்த்தால் சோதனைச் சாவடி மருந்துகள் இங்கே தோற்றுத்தான் போயிருக்கின்றன. கட்டியை வெட்டி எடுத்த பிறகு, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாரித்த எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியை 16 பேருக்குக் கொடுத்த ஒரு முயற்சி 2023 இல் வெளியானது. 8 பேரில் ரி கலங்கள் விழித்தன. ஆரம்பம் மட்டுமே. சதையிப் புற்றுநோய்க்கு எந்தச் சோதனையும் செய்யாமல் இம்யூனோதெரபி தருகிறோம் என்று எந்தத் தனியார் நிலையமாவது, அது கொழும்பிலோ சென்னையிலோ எங்கிருந்தாலும், சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பெருங்குடல்: ஒப்புநோக்காளர் இல்லாத அச்சகம்

எல்லாவற்றிலும் விரிவாகப் பேச வேண்டியது பெருங்குடலும் நேர்குடலும். இங்கேதான் ஒரு மலிவான சோதனை வாழ்வைப் புரட்டிப்போட முடியும்.

கலம் பிரியும்போது அதன் மரபணு நூல் முழுவதும் மறுபடி எழுதப்படுகிறது. எழுதும்போது பிழைகள் வரும். அச்சகத்தில் ஒப்புநோக்காளர் இருப்பதுபோலக் கலத்துக்குள்ளும் சில புரதங்கள் பிழை திருத்துகின்றன. முக்கியமானவை நான்கு: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இவற்றில் ஒன்று இல்லாமற்போனால் பிழைகள் திருத்தப்படாமல் ஆயிரக்கணக்கில் சேரும். புற்றுநோய் வரக் காரணம் அதுவே. ஆனால் அதே பிழைகளால் கட்டி விசித்திரமான புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது. ரி கலங்களுக்கு அவை வெளியாளின் முகமாகத் தெரிகின்றன. அதனால் இவ்வகைக் கட்டிகளுக்குள் ரி கலங்கள் கூட்டமாக வந்து நிற்கும். போலி அட்டையால் மட்டும் மறிக்கப்பட்டு நிற்கும் கூட்டம் அது. மருந்து அட்டையைச் செல்லாததாக்கியதும் நடப்பதை ஊகிக்கலாம்.

2017 இல் 12 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த, இந்தக் குறைபாடு உள்ள 86 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்ததில் 53 வீதமானோருக்குக் கட்டி சுருங்கியது. 21 வீதமானோருக்கு ஸ்கானில் காணாமலே போனது. அதே ஆண்டு அமெரிக்கா, எந்த உறுப்பானாலும் இந்தக் குறைபாடு இருந்தால் மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பைப் பாராமல் கட்டியின் இயல்பைப் பார்த்துக் கொடுத்த முதல் அனுமதி அதுதான். 2022 இல் நேர்குடற் புற்றுநோயும் இக்குறைபாடும் உள்ள 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. வெட்டும் கதிர்ச் சிகிச்சையும் அப்போது தேவைப்படவில்லை. நிரந்தரமாக வயிற்றில் பையோடு வாழ வேண்டியிருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

இப்போது மறுபக்கம். பெருங்குடற் புற்றுநோயின் ஆரம்பக் கட்டங்களில் இந்தக் குறைபாடு ஏறத்தாழ 15 வீதம். பரவிய நிலையில் ஏறத்தாழ 5 வீதம் மட்டும். மீதி 95 பேருக்கும் இந்த மருந்தைத் தனியே கொடுத்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. மூன்று கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு வருடம் வரை போடக்கூடிய மருந்து இது. முதல் ஊசியின் விலையைக் கேட்டுக்கொண்டு கணக்குப் பார்ப்பவர்கள் பிறகு நடுவழியில் நிற்பதைக் காணலாம். அந்த ஒரு ஊசியின் விலையில் மிகச் சிறு பகுதிதான் இந்த நான்கு புரதங்களையும் பார்க்கும் எம்.எம்.ஆர் சோதனைக்குச் செலவாகும். புதிதாக உடம்பில் ஊசி குத்தத் தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த பயொப்சி இழையம் மெழுகுக் கட்டியில் இருந்தால் போதும்.

அந்த மெழுகுக் கட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. பயொப்சி எடுத்த இழையத்தை மெழுகில் பதித்து ஆய்வுகூடம் பாதுகாக்கும். பல வருடங்களின் பின்னரும் அதிலிருந்து சீவிச் சோதிக்கலாம். வைத்தியசாலை மாறும்போதும் இந்தியாவுக்குப் போகும்போதும் குடும்பங்கள் ஸ்கான் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறார்கள். நோயியல் அறிக்கையையும் அதன் இலக்கத்தையும் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காகிதம் தொலைத்துப் பழகிய சனம் நாங்கள். இந்தக் காகிதத்தைத் தொலைக்கக்கூடாது.

சொல்லப்படாத குடும்ப வரலாறு

எம்.எம்.ஆர் குறைபாடு சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்பது அதன் பெயர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பெருங்குடல் மட்டுமல்ல, கருப்பை, இரைப்பை, சூலகப் புற்றுநோய்களும் அந்தக் குடும்பங்களில் கூடுதலாக வரும், அதுவும் இளவயதில். இருப்பது தெரிந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனொஸ்கோபி செய்து நோயை முளையிலேயே பிடிக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க 1990 இல் ஆம்ஸ்ரர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒரு விதி வகுத்தார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று பேர், இரண்டு தலைமுறை, ஒருவராவது ஐம்பது வயதுக்குள். அமைதியான நாட்டுக்கு நல்ல விதி. அதே 1990 இல் யாழ்தேவி நின்றது, வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. 1995 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு வந்தது. கொடிகாமத்தின் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிறைந்தன. 2000 இல் தென்மராட்சியே காலியானது. 2009 இல் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்தில் “உங்கள் சொந்தத்தில் யாருக்காவது குடற் புற்றுநோய் இருந்ததா?” என்று வைத்தியர் கேட்டால் என்ன பதில் வரும்? சித்தப்பா முப்பது வயதில் செல்லடியில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நாற்பத்தைந்தில் அவருக்கு நோய் வந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அம்மம்மா வன்னியில் வயிற்றுநோவு என்று படுத்துச் செத்தார். வைத்தியசாலையே இயங்காத காலம். பெரியப்பா காணாமல் ஆக்கப்பட்டவர். குடும்ப வரலாறு இல்லை என்று படிவத்தில் எழுதப்படும். உண்மையில் வரலாறு இல்லாமலில்லை. அதைச் சொல்ல ஆட்கள் மிஞ்சவில்லை.

ஆகவே எங்கள் பகுதிக்குக் குடும்பக் கதையை நம்பிய பழைய முறையைவிடக் கட்டியையே நேராகச் சோதிக்கும் முறைதான் பொருந்தும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. பல நாடுகளில் இப்போது பெருங்குடல், நேர்குடற் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் எம்.எம்.ஆர் சோதனை செய்ய வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. சோதனையில் குறைபாடு வந்தால் அது கட்டாயம் பரம்பரை என்று பயப்பட வேண்டியதில்லை. வயது போனவர்களில் எம்.எல்.எச்.1 இல்லாமற்போவது பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம். அதைப் பிரித்தறிய மேலதிக சோதனை உண்டு. பரம்பரை என்று உறுதியானால், செய்தி கொடிகாமத்தில் நிற்கக்கூடாது. சகோதரங்கள் சுவிசிலும் கனடாவிலும் இருப்பார்கள். அந்த நாடுகளில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மரபணுச் சோதனைக்கு வசதி இருக்கிறது. காசு இங்கே வருவதுபோல, இந்த அறிக்கையின் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். கலியாணம் பேசும் வயதில் பிள்ளைகள் இருப்பதால் மறைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. மறைத்த நோய் அந்தப் பிள்ளைகளிடமே திரும்பி வரலாம்.

உடம்பில் இருக்கும் இரும்பு

போர் விட்டுப்போன இன்னொன்றும் இந்தச் சிகிச்சைக்குள் வந்து குறுக்கிடுகிறது. நேர்குடற் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ எடுப்பார்கள். அது வலுவான காந்தம். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், குறிப்பாகக் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய குருதிக் கலனுக்கோ கிட்ட இருப்பவர்கள், அதற்குள் போகும் முன்னர் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ முடியாது என்றால் சீ.ரி ஸ்கானும் வேறு வழிகளும் இருக்கின்றன. காயம் எப்படி வந்தது, எங்கே வந்தது என்று விளக்க வேண்டிய அவசியமில்லை. “இங்கே இரும்புத் துண்டு இருக்கிறது” என்ற ஒரு வசனம் போதும். கேள்வி வரும் என்ற பயத்தில் சொல்லாமல் விடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஊசி போட்ட பிறகு

சோதனைச் சாவடியைத் திறந்துவிட்டால் ரி கலங்கள் சிலவேளை நல்ல இழையத்தையும் தாக்கும். குடல், நுரையீரல், ஈரல், தைரொயிட், தோல் எதுவும் அழற்சியடையலாம். ஊசி போட்டுப் பல கிழமைகள், ஏன் மாதங்கள் கழித்தும் இது வரும். சென்னையிலோ கொழும்பிலோ ஊசி போட்டுவிட்டு வீடு திரும்பியவருக்கு ஒரு நாள் வயிற்றோட்டம் தொடங்குகிறது. சாவகச்சேரி வைத்தியசாலைக்குப் போகிறார். ஊசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அங்கே அதைச் சாப்பாட்டால் வந்த தொற்று என்றுதான் நினைப்பார்கள். சொன்னால் ஸ்ரீரொயிட் மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். பிந்தினால் குடல் துளைபடவும் கூடும். மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட திகதியையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருப்பது நல்லது. உறுப்பு மாற்றம் செய்தவர்களும், மூட்டுவாதம் போன்ற தன்னிர்ப்பீடன நோய் உள்ளவர்களும் ஊசிக்கு முன்னரே அதைச் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகளைத் தனிப்பட்டவர்களிடம் வாங்குவதில் இன்னொரு ஆபத்து. இவை தயாரிப்பிலிருந்து நோயாளி வரை குளிரில் வைக்கப்பட வேண்டியவை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில் ஒரு முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 இல் கைதான நாடு இது. இம்யூனோகுளோபுலின் வேறு மருந்து, பெயர்தான் கிட்ட. ஆனால் பாடம் ஒன்றுதான்: பற்றுச்சீட்டும் தொகுதி இலக்கமும் இல்லாத குப்பியை உடம்பில் ஏற்றக்கூடாது.

வடக்கில் இப்போது என்ன கேட்கலாம்

வடக்கின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைதான் மையம். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கான நிதி, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். மேலதிக வசதிக்கு மகரகம அபேக்ஷா. கொடிகாமத்திலிருந்து தெல்லிப்பழைக்கே யாழ்ப்பாணத்தில் பஸ் மாறிப் போக வேண்டும்; மகரகம என்றால் இரவுப் பயணம். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆகவே ஒரு தடவை போகும்போதே சரியான கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது.

மேலே சொன்ன சூழல் வகைப்பாடுகள் எல்லாம் இன்று நோயாளிக்குக் கிடைப்பவை அல்ல. நான்கு வகை, ஐந்து வகை என்று மரபணு வெளிப்பாட்டை வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குள்தான் இருக்கிறது. அதைச் செய்து தருகிறோம் என்று பெருந்தொகை கேட்பவர்களிடம், அந்த முடிவால் என் சிகிச்சை எப்படி மாறும் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தடுமாறும். ஒரு பயொப்சி கட்டியின் ஒரு மூலையைத்தான் காட்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த மூலையில் வேலி இருக்கலாம், அடுத்த மூலையில் திறந்த படலை இருக்கலாம்.

இன்று உண்மையில் முடிவை மாற்றுபவை சிலதான். குடல், இரைப்பை, வேறெந்த உறுப்பானாலும் எம்.எம்.ஆர் அல்லது எம்.எஸ்.ஐ. களத்துக்கும் இரைப்பைக்கும் பி.டி-எல்1 அளவு. இரைப்பைக்கு அதோடு ஹெர்-2, அது வேறொரு மருந்துக்கான வழி. இவற்றைச் செய்திருக்கிறார்களா, செய்யாவிட்டால் மெழுகுக் கட்டியிலிருந்து செய்விக்க முடியுமா, முடிவு எப்போது வரும் என்று புற்றுநோய் நிபுணரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. “டொக்ரர் கோவிப்பார்” என்று வாய்மூடி வருபவர்கள்தான் பிறகு வெளியில் யாரிடமோ கேட்டு ஏமாறுகிறார்கள்.

இன்னும் ஒரு வழி மெல்லத் திறக்கிறது. சாதாரணச் சாயமிட்ட இழையத் துண்டின் படத்தைப் பார்த்தே எம்.எஸ்.ஐ இருக்கிறதா என்று கணினி ஊகிக்க முடியும் என்பதை ஜேர்மனிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2019 இல் காட்டியது. அந்தச் சாயத் துண்டு எந்த மாவட்ட வைத்தியசாலையின் நோயியல் பிரிவிலும் தயாராவது. விலையுயர்ந்த இயந்திரம் வராத இடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியும் கமராவும் வந்தால் போதுமா என்ற கேள்விக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்த மென்பொருளுக்கும் எங்கள் சனத்தின் இழையத் துண்டுகளைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்கு அந்த மெழுகுக் கட்டிகள் எங்கள் வைத்தியசாலைகளில் ஒழுங்காக இலக்கமிடப்பட்டு, மழை ஒழுக்கும் கறையானும் தொடாமல் இருக்க வேண்டும்.